மேகத்தைக் கண்டு மாறிய முகம்



தக்பீருக்கும் கிராஅத்துக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் ஓதிய துஆ ஒன்றில், பாவங்களைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு அல்லாஹ்விடம் கேட்டிருப்பதை நம்மில் பலர் அறிவர். மதரஸாப் பிள்ளைகளுக்கு அதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நாம் பனிப்பொழிவைக் கண்ணால் கண்டதில்லை. 'ஸல்ஜ்' என்ற சொல் வரும்போது குளிர்சாதனப் பெட்டியை உதாரணம் காட்டிவிட்டுக் கடந்துவிடுவோம். அந்தச் சொல்லை நமக்கு விளங்க வைத்தவன், அமெரிக்காவில் பஃபலோ நகருக்குத் தெற்கே ஹாம்பர்க் என்னும் ஊரில் வாழும் நம் தங்கையின் மகன்.

அவனுக்குப் பனியின்மீது தீராத மோகம். நம் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் காத்திருப்பதுபோல் அவன் ஆண்டின் முதல் பனிப்புயலுக்காகக் காத்திருப்பான். அமெரிக்க அரசின் வானிலைக் கணினி நாளொன்றுக்கு நான்கு முறை புதிய முன்னறிவிப்பு வரைபடங்களை வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்று அவர்கள் நேரப்படி அதிகாலை நான்கரை மணியளவில் வரத் தொடங்கும். "காக்கா, ஃபஜ்ருக்கு எழுப்பினால் புரண்டு படுப்பவன், அந்தப் படத்தைப் பார்க்க அலாரம் வைத்து எழுகிறான்" என்று தங்கை முறையிட்டாள். எழுந்ததுதான் எழுந்தான், அப்படியே தொழுதுவிட்டுப் படுக்கச் சொல் என்றோம். அந்த ஏற்பாடு ஓரளவு பலித்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பஃபலோவின் பனி எங்கிருந்து வருகிறது என்பதை அவனே நமக்கு விளக்கினான். அந்நகரம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரியின் நீளம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். கோடையில் வாங்கிய வெப்பத்தை ஏரி நவம்பரிலும் டிசம்பரிலும் இன்னும் வைத்திருக்கும். அப்போது வடக்கிலிருந்து இறங்கும் கடுங்குளிர் காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால், வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். ஏரி நீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றுக்கும் இடையே குறைந்தது 13 டிகிரி செல்சியஸ் வேறுபாடு வேண்டுமாம். ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுவே. ஆகையால் விரைவில் உறைந்தும்விடும். உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காது. எனவே பனிப்பிரியர்களுக்கு முன்குளிர்காலமே திருவிழாக் காலம். சில வேளைகளில் பனியோடு மின்னலும் இடியும் சேர்ந்துகொள்ளும். அதைக் கேட்பதுதான் அவர்களுடைய பேரவா.

வியப்பு இதில் இல்லை. அந்தப் பனிமேகம் ஒடுங்கிய பட்டையாக வந்து நிற்கும். 2014 நவம்பரில் நகரின் தெற்குப் பகுதிகளில் 5 அடிக்கும் மேல் பனி குவிந்தபோது, சில மைல் வடக்கே சில அங்குலமே விழுந்தது. ஒரு தெருவில் நின்று பார்த்தால் அடுத்த பகுதி வெண்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்குமாம், இங்கே வெயில் அடிக்குமாம். அந்தக் காணொளியைக் கண்டபோது சூரா அந்நூரின் 43ஆம் வசனம் நம் நினைவுக்கு வந்தது. மேகங்களை அல்லாஹ் ஓட்டி, இணைத்து, அடுக்கி, அவற்றிலிருந்து ஆலங்கட்டியை இறக்கி, நாடியோரைத் தாக்கவும் நாடியோரை விட்டுத் திருப்பவும் செய்கிறான் என்று அது கூறுகிறது.

அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் வேடிக்கையான வழக்கங்கள் உண்டு. பனி விழுந்து பள்ளி விடுமுறை கிடைக்க வேண்டுமென்றால் இரவு உடையைத் திருப்பிப் போட்டுக்கொள்வர், தலையணைக்கடியில் கரண்டியை வைத்துக்கொண்டு உறங்குவர். மருமகனின் தலையணைக்கடியில் கரண்டியைக் கண்டு தங்கை பதறிவிட்டாள். ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த மறுநாள் காலையில், அல்லாஹ்வின் அருளால் மழை பெற்றோம் என்பவருக்கும் இன்ன நட்சத்திரத்தால் பெற்றோம் என்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் அல்லவா, ஸைத் பின் காலித் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸை அவனுக்குச் சொன்னோம். கரண்டி சமையலறைக்குத் திரும்பியது. வரைபடமும் கூடாதா என்று கேட்டான். கூடும் என்றோம். காற்றையும் வெப்பத்தையும் அளந்து கணிப்பது மறைவானதை அறிவதாக வாதிடுவது ஆகாது. அது அல்லாஹ் வைத்த நியதிகளைப் படிப்பது.

அவனைக் குறை சொல்லும் தகுதியும் நமக்கு இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் கைப்பேசியை எடுத்துச் சுழலின் கண் எங்கே என்று தேடுபவர் நாம். கலெக்டர் விடுமுறை விட்டாரா என்று நம் மாணவர்கள் கேட்பதும் கரண்டியின் மறுவடிவமே. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறும் வரை, அதன் பாதையை ஆர்வத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். விடிந்து வெளியே வந்தபோது ஊரைச் சுற்றிய தோப்புகளில் தென்னைகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒரு தலைமுறை வளர்த்தவை.

ஆயினும் நாம் பாடம் கற்கவில்லை. 2022 நவம்பரில் ஹாம்பர்க் பகுதியில் நான்கு நாட்களில் 80 அங்குலப் பனி விழுந்தது, ஆளுயரத்துக்கும் மேல். மருமகன் அளவுகோலோடு நின்று படம் அனுப்பினான். நாம் மாஷா அல்லாஹ் என்று பதில் எழுதி, அதை மாணவர்களிடமும் காட்டி மகிழ்ந்தோம். பனி அள்ளும்போது மாரடைப்பில் சிலர் இறந்த செய்தியும் வந்தது. படித்தோம், கடந்தோம்.

ஐந்து வாரம் கழித்து மீண்டும் புயல் முன்னறிவிக்கப்பட்டது. வானிலைத் துறை பல நாட்களுக்கு முன்பே கடுமையாக எச்சரித்திருந்தது. "மாமா, இதுபோல் ஒன்று வாழ்நாளில் ஒரு முறைதான் வரும்!" என்று அவன் எழுதியிருந்தான். தங்கையின் கணவர் நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளர். டிசம்பர் 22, வியாழன் இரவு வேலைக்குச் சென்றார். வெள்ளி காலையில் புயல் இறங்கியது. எதிரே நிற்பவரைக் காண முடியாத பனிக்காற்று 37 மணி நேரம் இடைவிடாமல் வீசியது. ஆம்புலன்சுகளே வழியில் சிக்கின. வண்டிக்குள்ளும் வெப்பம் அற்ற வீடுகளிலும் தெருவிலுமாக அந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவர் மருத்துவமனையில் இருக்கிறாரா, வீட்டுக்குக் கிளம்பிவிட்டாரா என்பது சனிக்கிழமை மாலை வரை தெரியவில்லை. கைப்பேசி எடுக்கப்படவில்லை. தங்கை முஸல்லாவை விட்டு எழவில்லை. மருமகனிடம், புயல் எப்போது விலகும், படத்தைப் பார்த்துச் சொல் என்றோம். "எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை மாமா" என்றான். பிறகு வேறொருவர் கைப்பேசியிலிருந்து அவர் பேசினார். மாற்று ஆட்கள் வர இயலாததால் பணியிலேயே தங்கிவிட்டாராம். திங்கள் பிற்பகல்தான் வீடு வந்து சேர்ந்தார்.

அந்த இரண்டு நாட்களில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்தோம். மேகத்தையோ காற்றையோ கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். மக்கள் மழை என்று மகிழ்கிறார்களே, தங்கள் முகத்தில் கவலை தெரிகிறதே என்று அன்னையார் கேட்டார்கள். அதில் வேதனை இல்லை என்று எப்படி நிம்மதியாக இருப்பது என்பதே விடையின் கருத்து. ஆது கூட்டத்தார் தங்களை அழிக்க வந்த மேகத்தைக் கண்டு மழை தருவது என்று மகிழ்ந்ததை அண்ணலார் நினைவூட்டினார்கள். எத்தனையோ முறை இதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். இதை வானிலைச் செய்தியோடு சேர்த்து ஒருநாளும் எண்ணியதில்லை. மின்னலை அச்சமும் ஆசையும் சேர்ந்த ஒன்றாகவே குர்ஆன் காட்டுகிறது. நாமோ ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மருமகன் மீண்டும் வரைபடம் பார்க்கத் தொடங்கிவிட்டான். அதில் நமக்கு வருத்தமில்லை. இப்போது புயலுக்கு முன்தினம் அண்டை வீட்டு முதியவர்களிடம் மருந்தும் ரொட்டியும் இருக்கின்றனவா என்று கேட்டுவருகிறானாம். தங்கை சொல்லித்தான் தெரிந்தது. சென்ற நவம்பரில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். ஜும்ஆவில் ஒருவர் மழை வேண்டிக் கேட்டு, வாரம் முழுதும் பெய்து, மறு ஜும்ஆவில் நிறுத்தக் கேட்டபோது, எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள்மீது வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். "நான் அப்படிக் கேட்டால் பட்டை நகர்ந்து அடுத்த ஊரார் தலையில் விழுமே மாமா, அது சரியா?"

மாணவர் எவரும் இதுவரை நம்மிடம் கேட்டிராத கேள்வி அது. கிதாபை எடுத்து மீண்டும் வாசித்தோம். குன்றுகள், மேடுகள், ஓடைகளின் உட்பகுதி, மரங்கள் முளைக்கும் இடங்கள் என்றுதான் அந்த துஆ தொடர்கிறது. எவர் வீட்டின்மீதும் அண்ணலார் கேட்கவில்லை என்று எழுதினோம்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "அப்படியானால் ஏரியின் மேலேயே கொட்டட்டும் என்று கேட்கிறேன். அங்கே யாரும் குடியிருக்கவில்லை."