தரையல்ல, கூரை

வத்தலக்குண்டு பஸ் காட்ரோட்டில் வலது கைப்பக்கம் திரும்பியதுமே கொடைக்கானல் மலை தொடங்கிவிடும். மேஜர் லா 1870-களில் தடம் குறித்த பாதை. லாஸ்காட் என்றுதான் இன்றும் சொல்கிறோம். டம்டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியைப் படமெடுப்பவர்கள் எடுக்கட்டும். எனக்கு ரோட்டுக்காக வெட்டிய பக்கம்தான் வேடிக்கை. சார்னோக்கைட் பாறை. பூமிக்கடியில் வெகு ஆழத்தில் உருவானது. மேலிருந்த சுமை யுகக்கணக்கில் தேய்ந்து போகப்போக, நெட்டுக்குத்தாகவும் குறுக்காகவும் வெடிப்பு விட்டிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே மக்கிய மண்ணை அரித்துக்கொண்டு போகும். பிடிமானம் போன பாறை நடுரோட்டில் வந்து உட்காரும். ஜேசிபி வரும், உடைத்து ஓரம் தள்ளுவார்கள், அடுத்த மழைக்கு அடுத்த பாறை. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று சரிவின் அடியைச் சுரண்டினால் வேறென்ன நடக்கும்?

ஊத்து, பெருமாள்மலை, ஏரியின் மிச்சத் தண்ணீர் விழும் வெள்ளி அருவி, செண்பகனூர், மூஞ்சிக்கல். இவற்றுக்குப் பெயர் சொன்னால் போதும். ஏரியையும் தாண்டி, கோல்ஃப் மைதானமும் போன பிறகுதான் என் ஊர். அங்கிருந்து தூண் பாறை வரைக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.

ரோட்டில் விழுந்தால் இடைஞ்சலாகும் அதே கல், தூண் பாறைகளுக்கு நடுவே விழுந்தால் குகையாகிறது. சுமார் 400 அடி உயரப் பாறைகளை நெட்டுக்குத்தான வெடிப்புகள் பிரிக்கின்றன. கை நுழையும் வெடிப்பைத் தண்ணீர் ஆள் நுழையும் சந்தாக்கும். சந்து ஆழமாக ஆக, விளிம்பில் நிற்கும் கல்லுக்கு அடிமானம் போய்விடும். புனல் மாதிரி மேலே அகலமும் கீழே ஒடுக்கமுமான பள்ளம் என்பதால் விழுந்த கல் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். அதன்மேல் இன்னொன்று வந்து மாட்டும். இடுக்குகளில் சின்னக் கற்கள் அடையும், அவற்றின்மேல் மண், சருகு, பாசி. ஒரு சோலைமரம் வேர்விட்டு இறுக்கினால் கூரை ஆயிற்று. மழைத்தண்ணீர் அடியில் தன் பாட்டுக்கு ஓடும். சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பொர்ரா குகையில் தரையில் நடந்து உள்ளே போகலாம். இங்கே ஒரு சந்துக்குக் கீழே இன்னொரு சந்து, அதற்கும் கீழே இன்னொன்று.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பெரியப்பா காட்டிவிட்டார். வனத்துறையில் வாட்சர். சினிமாக்காரர்கள் வராத காலம். அந்தப் பக்கம் டெவில்ஸ் கிச்சன் என்ற பெயரோடு ஆளரவமற்றுக் கிடந்தது. அவர் முன்னால் கம்பால் தட்டிக்கொண்டே போவார், அவர் கால் வைத்த இடத்தில்தான் நான் வைக்க வேண்டும். ஓரிடத்தில் கம்பைச் சருகுக்குள் குத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. உருவியதும், “கையை வைடா” என்றார். ஓட்டையிலிருந்து சில்லென்று காற்று வந்து உள்ளங்கையில் பட்டது, கூடவே வௌவால் வாடை. “நீ நிக்கிறது தரையில்லடா தம்பி, கூரை.” பிறகு ஒரு கூழாங்கல்லைப் போட்டார். டக், டக் என்று பக்கவாட்டில் மோதிக்கொண்டே போன சத்தம் வரவர மெலிந்தது. அடியில் போய் விழுந்த சத்தம் வரவே இல்லை. அவர் பேசாமல் வேறு பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். அன்று முழுக்க நான் வீட்டுத் தரையைக்கூட மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1991-இல் அங்கே எடுத்த ‘குணா’ படம் வந்தது, குகையின் பெயரும் அதுவாக மாறியது. குறிஞ்சி பூத்த 2006-இல் கேரளத்து இளைஞர் ஒருவர் உள்ளே விழ, கூட வந்த நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அதை வைத்து 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்ததிலிருந்து கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இரும்புக் கம்பி போட்டு வாயை அடைத்திருக்கிறார்கள். ஆள் விழக்கூடாது, அது வேண்டியதுதான். ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் பாருங்கள். சோலைமரங்களின் வேர்கள் பின்னிப் பிணைந்து வெளியே கிடக்கின்றன. அழகு என்று அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறோம். அத்தனையும் வேர்மேல் இருந்த மண் மிதிபட்டு மழையில் போனதன் அடையாளம். செருப்பு தேய்த்துத் தேய்த்து மேல்வேர்கள் வழவழவென்று ஆகிவிட்டன. கல்லிடுக்கு மண்ணைப் பிடித்திருப்பதே இந்த வேர்கள்தான். மரம் பட்டால் மண் போகும், மண் போனால் பெரியப்பாவின் கம்பு இறங்கியது போன்ற ஓட்டைகள் பெருகும்.

2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. மலையேறும் வண்டிகளை அது எண்ணுகிறது. இந்த வேர்களை மிதிக்கும் கால்களை யார் எண்ணுகிறார்கள்?

பைன் காட்டையும் மோயர் பாயிண்ட்டையும் கடந்தால் பேரிஜம் ஏரி. பெரியகுளம் குடிக்கும் தண்ணீர் அது. அங்கே போக வனத்துறை பாஸ் வேண்டும். நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு, கேட்டும் உண்டு. குணாவுக்கும் அந்தக் கணக்கு வர வேண்டும். வேர்மேல் கால் படாதபடி உயரமாக ஒரு மரப்பாதையும் போட வேண்டும். பேரிஜத்தில் செய்ய முடிந்த துறையால் வழியிலேயே இருக்கும் குணாவில் ஏன் முடியவில்லை என்று நாம்தான் கேட்க வேண்டும்.