மேடை இல்லாத கல்யாணம்

ஆனைமலையை ஒட்டிய அந்தத் தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் மணமேடை எங்கே என்றுதான் கண் தேடியது. மேடையே போடவில்லை. கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுப் பந்தல். அதன் கீழே இரண்டு நாற்காலி, ஒரு மைக், தாம்பாளத்தில் இரண்டு மாலை. எதிரே விருந்தினர் உட்கார அரைவட்டமாக நாற்காலிகள். மணி எட்டரை. மணப்பெண் தன் தோழிக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஊர்ப் பெரியவர்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். கல்யாண நாளில் மாப்பிள்ளை உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை.

இப்படி உட்கார முடிந்ததற்குக் காரணம் மோட்டார் ரூம் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். அதில் நான்கு நேரங்கள்தான் குறித்திருந்தன: பத்து மணிக்குத் திருமணம், பதினொன்றுக்குக் குரூப் போட்டோ, பன்னிரண்டுக்குப் பந்தி, ஐந்தரைக்கு வாய்க்கால் ஓரம். கீழே வேலைகள். பந்திக்கு யார், வண்டி நிறுத்த யார், தாத்தா பாட்டிகளைக் கூட்டி வர யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருவர் பெயர். மணமக்கள் பெயர் எந்த வேலைக்கு நேரிலும் இல்லை.

நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் யோசனை இருந்தது. தை மாதத்து ஞாயிறு, ஆனால் முகூர்த்தம் இல்லாத ஞாயிறு. சுயமரியாதைத் திருமணம் என்பதால் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. சமையல் மாஸ்டர், பந்தல்காரர், பாத்திர வாடகைக்கடை எல்லாமே கேட்டவுடன் கிடைத்தன. தை முகூர்த்த நாளில் இவர்களைப் பிடிக்க அலைந்த வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படம் எடுக்க வந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த இளம்பெண். முந்தைய வாரமே மாலையில் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஷாமியானா வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். சிவப்பும் மஞ்சளுமான துணிக்குக் கீழே நின்றால் அந்தச் சாயம் முகத்தில் ஏறிவிடும், பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் பட்டுப்புடவையின் நிறம் சரியாக வராது. கீற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக மூக்கிலும் நெற்றியிலும் விழும். அதற்காகக் கீற்றுக்கு அடியில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தார். முன்னால் இருக்கும் வெளிர் சிமெண்ட் தரை வெயிலை மேல்நோக்கி எறிவதால் கண்குழியில் நிழல் தங்கவில்லை. ஒரு விளக்குகூட இல்லாமல் அந்த இடம் அப்படித் துலங்கியது.

“தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போயி எடுக்கலீங்களா?” என்று கேட்டேன். “நடுத்தோப்புல எடுத்தா முகமெல்லாம் பச்சை அடிக்குமுங்க. நிழல் முடியற எடத்துல, வெட்டவெளியப் பாத்து நிக்க வெச்சாத்தான் முகம் முகமா இருக்கும்” என்றார்.

பத்து மணிக்கு எல்லாரும் அமர்ந்தார்கள். வழக்கமான கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டதும் கேமராக்காரர்கள் பாய்வார்கள். அடுத்த இரண்டு நிமிடம் சொந்தபந்தம் பார்ப்பதெல்லாம் அவர்கள் முதுகைத்தான். பெற்ற தாயே தாலி கட்டும் காட்சியைப் பிற்பாடு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். இதை நாம் சகஜமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே கெட்டிமேளம் கிடையாது. மணப்பெண்ணுக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியை தலைமை. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் நடத்திவைத்த திருமணத்தையும், அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் 7ஏ பிரிவு சேர்ந்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததையும் சுருக்கமாகச் சொன்னார். அதற்கு முன் இப்படி மணந்தவர்களின் திருமணங்களும் அந்தச் சட்டத்தால் செல்லுபடியாயின என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு மூதாட்டி பலமாகத் தலையாட்டினார்.

உறுதிமொழி, மாலை மாற்றல், அவ்வளவுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் படமெடுப்பவர் முன்கூட்டியே இடம் பிடித்திருந்தார். முன்வரிசை நாற்காலிக்குப் பக்கவாட்டில், யார் கண்ணையும் மறைக்காமல், முழங்காலிட்டு. கழுத்தில் 35 எம்எம் லென்ஸோடு ஒரு கேமரா, கையில் 85 எம்எம் லென்ஸோடு இன்னொன்று. மிர்ரர்லெஸ் கேமராவில் ஓசையில்லாத ஷட்டரைப் போட்டிருந்ததால் உறுதிமொழியின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாலை தலையைத் தாண்டும்போது முகம் மறையும். அப்போது அவர் எடுக்கவில்லை. மாலை தோளில் அமர்ந்து, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சுவிட்ட அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தார். பெண் உறுதிமொழி படிக்கையில் 85 எம்எம் மெல்லத் திரும்பியது. அங்கே பெண்ணின் அம்மா, மகள் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்ததைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம்.

குரூப் போட்டோ தோப்பு ஓட்டு வீட்டின் வடக்குப் பார்த்த திண்ணையில். யார் யாரோடு நிற்க வேண்டும் என்ற பட்டியல் பெண்ணின் மாமா கையில். கூட்டத்தில் ஆள் பிடிக்கும் வேலை அவருக்கு, படமெடுப்பவருக்கு அல்ல. வயதானவர்கள் முதலில், அவர்களை நிற்க வைக்காமல் நாற்காலியில். “என்னைய எதுக்குங் கண்ணு இத்தனை எடுக்கற, பொண்ணு மாப்பிள்ளைய எடு” என்றார் அப்புச்சி. “உங்களுக்காகத்தானுங் அப்புச்சி இந்தத் திண்ணையே” என்றதும் துண்டைச் சரிசெய்துகொண்டார். பசி எடுப்பதற்குள் வேலை முடிந்தது.

மணமக்களே பந்தியில் பரிமாறினார்கள். சந்தகையும் தேங்காய்ப் பாலும், அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும், கூட்டு, பொரியல், ரசம், பாயசம். மேடைக்கு முன் வரிசையில் நின்று, கவரைக் கொடுத்து, ஒரு படத்துக்குச் சிரித்துவிட்டு இறங்கிப் போகும் விருந்தினர், இங்கே இலைக்கு முன்னால் உட்கார்ந்து மணப்பெண்ணிடம், “இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து அம்மிணி” என்று கேட்டார். அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். அன்றைய படங்களில் உயிரோட்டமானவை இங்கேதான் கிடைத்தன என்று நான் உறுதியாகச் சொல்வேன். சாப்பிடுகிற வாயைப் படமெடுப்பது அநாகரிகம் என்பது படமெடுப்பவர் கட்சி. என் கட்சியும் அதுதான். இலை போட்டு, உணவில் கை வைப்பதற்கு முன்புவரை வரிசையின் கடைசியிலிருந்து எடுத்தார். பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மதியம் ஒன்றும் நடக்கவில்லை. உச்சி வெயிலில் படம் எடுக்க வேண்டாம் என்று தாளிலேயே இடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் தொட்டியில் குதித்தார்கள், பெரியவர்கள் சீட்டாடினார்கள், மணப்பெண் புடவையை மாற்றிக்கொண்டு தூங்கினார்.

மலை இருக்கிற ஊரில் சூரியன் மறையும் நேரத்தைப் போனில் பார்த்து நம்பக் கூடாது. அதற்கு முன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். முன்பே வந்து பார்த்து வைத்திருந்ததால் படமெடுப்பவர் ஐந்தரைக்கே இருவரையும் வாய்க்கால் ஓரம் அழைத்துப் போனார். “இப்படித் திரும்புங்க, கன்னத்தில் கை வைங்க” என்ற பேச்சே இல்லை. “பாலம் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். கேமராவில் இரண்டு கார்டுகளிலும் படம் ஒரே சமயத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றினார்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன மகனுக்கும் பெண் பேசி முடித்திருக்கிறார்கள், சம்பந்தி வீட்டார் மண்டபத்தில்தான் வைப்பார்கள், அங்கே இதெல்லாம் நடக்குமா என்று கேட்டார். நடக்கும் என்றார் படமெடுப்பவர். மேடை இருக்கட்டும், மணமக்கள் அதில் முக்கால் மணி நேரம் மட்டும் நிற்கட்டும், அப்புறம் பந்திக்கு இறங்கி வரட்டும். குரூப் போட்டோ பட்டியலுக்கு ஒரு மாமா. வீடியோக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டே சொல்லிவிடலாம்.

“அதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங் அம்மிணி, சம்பந்திகிட்ட நானே பேசிக்கறேன்” என்றார் அவர்.