பொம்மையின் மூச்சு தடுமாறும்போது

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டவர்களும், மீனவக் குப்பங்களிலிருந்து பேறுகால வேதனையோடு வருபவர்களும், 1965-இல் தொடங்கப்பெற்ற செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைத் தேடிப் பலவேளை இவ்வழியாகத்தான் செல்கிறார்கள். ஆம்புலன்சின் ஓசை கேட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் கைவேலையை நிறுத்தி துஆச் செய்வார்கள். ஆனால் ஆபரேஷன் தியேட்டரின் கதவு மூடிய பின் உள்ளே நடப்பது என்ன? எனக்கு என் தம்பி மகள் சொல்லித்தான் தெரிந்தது.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ். "பெரியத்தா, இன்று எங்களுக்கு ஒரு பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஆளுயரப் பொம்மையாம். நெஞ்சு ஏறி இறங்குமாம். மணிக்கட்டில் நாடி துடிக்குமாம். கண்ணாடிக்கு அப்பால் கணினி முன் அமர்ந்திருக்கும் ஆசிரியர், திடீரென்று அதன் இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்வார். உயிர்வாயு குறையக் குறைய மானிட்டரின் ஒலி கனத்து இறங்கும். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், நர்சுகள் அனைவரும் பொம்மை என்பதை மறந்து வியர்த்துப் போவார்கள்.

அப்போது "யாராவது இரத்தம் கொண்டு வாருங்கள்" என்றால், மற்றவர் போவார் என்று நால்வரும் நின்றுவிடுவார்கள். ஆகவே பெயர் சொல்லி ஏவ வேண்டும்; கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; முடித்ததும் "வந்துவிட்டது" என்று அறிவிக்க வேண்டும். ஒருவர் மட்டும் எதிலும் கைவைக்காமல் முழுவதையும் கவனித்து நடத்த வேண்டும்.

இக்கலை மருத்துவர்கள் விமானிகளிடம் கற்றது. 1977-இல் டெனெரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் நிற்கிறதோ என்று பொறியாளர் ஐயம் எழுப்பினார். மூத்த விமானி அதைத் தள்ளிவிட்டு, தொடங்கிவிட்ட ஓட்டத்தைத் தொடர்ந்தார். அதன்பின் விமானிகளுக்கு வந்த கூட்டுப் பயிற்சியை, ஸ்டான்போர்டின் டேவிட் காபா போன்ற மயக்க மருத்துவர்கள் தியேட்டருக்குக் கொணர்ந்தார்கள். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 17 குழுக்கள் 106 பாவனை நெருக்கடிகளைச் சந்தித்தன. நெருக்கடிக்கான குறிப்பட்டை கையில் இல்லாதபோது செய்யவேண்டியவற்றில் 23 விழுக்காடு விடுபட்டன. இருந்தபோது 6 விழுக்காடுதான். கற்றறிந்தவர்களுக்கும் பதற்றத்தில் நினைவு தவறுகிறது!

இதைக் கேட்டதும் மர்ஹூமான என் தங்கை நினைவுக்கு வந்தாள். பல்லாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் அவளுக்குச் சிசேரியன். குழந்தை பிழைத்தது, இரத்தப்போக்கில் அவள் மௌத்தானாள். நாற்பது நாள் கழித்து, அங்கு வேலை பார்த்த ஆயா ஒருத்தி எங்கள் அம்மாவிடம் வந்து அழுதாள். விரிப்பின் அடியில் இரத்தம் ஊறுவதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பெரிய டாக்டரிடம் சொல்ல அஞ்சியிருக்கிறாள். அம்மா அவளை ஏசவில்லை. "அவளை அங்கே யார் கேட்டார்கள்?" என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள்.

மஷ்வராவின் சிறப்பை மேடையில் பேசும் நாம், வீட்டில் மருமகள் வாய் திறந்தால் முகம் சுளிக்கிறோம். தியேட்டரை மட்டும் குறை கூறி என்ன பயன்?

தம்பி மகளும் முதல் ஒத்திகையில் தயங்கித்தான் நின்றாளாம். முடிந்ததும் எல்லாரும் வட்டமாக அமர்ந்து காணொளியைப் பார்த்தார்கள்.

"மானிட்டரைப் பார்த்தாயே, ஏன் அரை நிமிடம் பேசவில்லை?" என்று மூத்த மருத்துவர் கேட்டார்.

"நீங்கள் கோபிப்பீர்கள் என்று, சார்."

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "கோபித்தாலும் சொல். நான் திரும்பாவிட்டால் இன்னும் உரக்கச் சொல்" என்றார்.

அடுத்த ஒத்திகையில் பொம்மைக்குச் சிசேரியனுக்குப் பிந்திய இரத்தப்போக்காம். தன் மாமியின் கதையை அறிந்த அவள், அதற்குத் தன் பெயரை முதலில் கொடுத்திருக்கிறாள்.