கள்ளிக்குப்பத்து வேம்பும் ஸ்பெயின் தேசத்து ஆலிவும்

கள்ளிக்குப்பம் என்றதும் கள்ளிச் செடியும் கடற்கரையும் மனக்கண் முன் வந்தால் அது உங்கள் தவறல்ல. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால், அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு செங்குன்றம் சாலையில் போனால் நீங்கள் காண்பது வீடு, வீடு, மேலும் வீடு! கள்ளி ஒன்றையும் காணோம். கடலோ கிழக்கே பல மைலுக்கு அப்பால்.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் இங்கே பழைய மனைகளில் இன்னும் ஒரு மாமரம், ஒரு முருங்கை, ஒரு வேம்பு என்று மிச்சமிருக்கின்றன. என் பெரியம்மா வீட்டு வேம்பு அப்படிப்பட்டதுதான். நான் போனதே அதன் வழக்கைக் கேட்கத்தான்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, நினைவிருக்கிறதா? அன்று பக்கத்து மனை முருங்கை விழுந்தது, வேம்பு நின்றது. ஆயினும் அண்ணாவுக்கு அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் தூக்கமில்லை. காரணம் உண்டு. தெருப்பக்கம் மின்சாரக் கம்பி போகிறது. கம்பிக்காக வருஷா வருஷம் அந்தப் பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டி வெட்டி, மரத்தின் பாரமெல்லாம் வீட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டது.

"வெட்டிவிடலாம் அம்மா" என்றார் அண்ணா.

"வெட்டு. கூடவே என்னையும் அனுப்பி வை" என்றாள் பெரியம்மா.

இந்தச் சண்டைக்கு நடுவே புகுந்தவன் பேரன். கட்டடங்களை அளக்கும் தொழிலில் இருக்கிறான். ஸ்பெயினில் ஒரு வருஷம் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே முக்காலியும் ஒரு பெட்டியுமாக வந்து நின்றான். காற்று எழுவதற்கு முன் அளக்க வேண்டுமாம். இலை ஆடினால் கணக்குக் கலங்கிவிடும்.

"இது என்னடா, போட்டோப் பெட்டியா?"

"இல்லை பாட்டி, லேசர். ஒளியை அனுப்பும். அது இலையில் பட்டுத் திரும்பும். திரும்ப எத்தனை நேரம் ஆயிற்று என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும்."

ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கில் ஒளி ஓடும் தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். அதைக்கூட இந்தப் பெட்டி அளக்கிறது! நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள். முன்னால் உள்ள இலை பின்னால் உள்ளதை மறைக்கும் என்பதால், மரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் வைத்து எடுத்தான். மடிக்கணினியில் எங்கள் வேம்பு புள்ளிக்கோலமாக எழுந்து நின்றது. விரலால் தள்ளினால் சுழல்கிறது!

"இதை எங்கேடா கற்றாய்?" என்றேன்.

"ஆலிவ் தோப்பில் அத்தை."

ஸ்பெயினில் ஹாயென் என்ற ஒரே மாகாணத்தில் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள் உள்ளன. ஆலிவ் சென்ற வருஷத்துத் தளிர்க் கிளையில்தான் காய்க்கும். கவாத்து செய்யாமல் விட்டால் உள்ளே வெயில் புகாமல் கிளை வெறுமையாகிவிடும். மிதமிஞ்சி வெட்டினால் மறு வருஷ மகசூல் போயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தே வெட்டி வந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது வெட்டுமுன் ஒரு தடவை, வெட்டிய பின் ஒரு தடவை லேசரால் அளந்து, எந்த மரத்தில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். நம் ராஜஸ்தானத்திலும் இஸ்ரேல் நாட்டு உதவியோடு ஆலிவ் பயிரிட்டு, 2014-ல் லூண்கரண்சரில் எண்ணெய் ஆலை திறந்தார்கள். பாலைவனத்தில் ஆலிவ் என்றால் கேட்கவே வேடிக்கையாக இல்லையா?

நம் கதைக்கு வருவோம். வீட்டுப் பக்கம் நீண்ட மூன்று கிளைகளின் நுனியைக் குறைத்தால் பாரம் சமமாகும், அடியோடு வெட்ட வேண்டியதில்லை என்றது படம். மாநகராட்சி அனுமதி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மரம் வெட்டுகிறவர் ஏறினார். நானும் போயிருந்தேன். இரண்டாவது கிளையில் அரிவாளின் முதுகால் ஒரு தட்டு. கீழே எட்டிப் பார்த்து, "தம்பி, இது உள்ளே சொத்தை. நுனி போதாது, கிளையையே எடுக்கணும்" என்றார்.

பேரன் முகம் விழுந்தது. லேசருக்கு மேல்தோல்தான் தெரியும். உள்ளே இருக்கும் பொந்து தெரியாது. வெட்டி இறக்கிப் பார்த்தால், ஆம், கை நுழையும் அளவுக்குப் பொந்து!

சாயங்காலம் மறுபடி அளந்தான். வெட்டியதைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டினான். அண்ணா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"சரி, இந்த வருஷம் இருக்கட்டும்" என்றார்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் காபி கலந்து, முதல் டம்ளரை மரம் வெட்டியவருக்குக் கொடுத்தாள். நான் கிளம்பும்போது ஒரு பை நிறைய வேப்பிலையைக் கையில் திணித்தாள்.

"நிழலில் உலர்த்தி அரிசி டின்னில் போட்டு வை. வண்டு வராது."