மருந்தா, சோதனையா?

நோயுற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் விலை பேசுவதில்லை. நிலத்தை விற்றேனும் குணம் தேடுவார்கள். ஆகவேதான் 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுச் சிகிச்சையை எந்த நாடு எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

குருத்தணு பலவகை உயிரணுக்களாக வளரவல்லது. எலும்பு மஜ்ஜையிலுள்ள இவ்வணுக்களைக் கொண்டு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையளிப்பது உலகெங்கும் நிலைபெற்ற முறை. அதற்கு வழிகாட்டிய டாக்டர் டோனல் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். மற்ற நோய்களைப் பற்றியதே வழக்கு.

ஜப்பானில் 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உயிரணுச் சிகிச்சை ஒன்று பயன் தரக்கூடும் எனத் தோன்றினாலே, ஏழாண்டுகள் வரை நிபந்தனையுடன் அதற்கு அனுமதி உண்டு. தொடைத் தசையணுக்களைத் தகடாக வளர்த்து இதயத்தின்மேல் பொருத்தும் முறை 2015இல் இவ்வாறு அனுமதி பெற்றது. பயன் மெய்ப்பிக்கப்படாமையால் 2024இல் நிலையான அனுமதி பெறத் தவறியது.

அமெரிக்க நடுவண் அரசோ, பெரிதும் மாற்றப்பட்ட அணுக்களை மருந்தாகவே கருதி, முன்கூட்டியே சான்று கேட்கிறது. ஆயினும் ஃபுளோரிடாவில் தம் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூதாட்டியர் மூவர் பார்வையைப் பெரிதும் இழந்த செய்தி 2017இல் வெளியாயிற்று. ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்திருந்தனர்! அதே ஃபுளோரிடா மாநிலம் மூட்டுநோய், புண், வலி ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெறாத குருத்தணுச் சிகிச்சைகளை 2025இல் சட்டத்தால் அனுமதித்தது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, குருத்தணுவின் பயன்பாடு யாவும் அனுமதி பெற்ற சோதனையாகவே நடைபெற வேண்டும். சோதனைக்கு உட்படுபவரிடம் கட்டணம் பெறலாகாது.

என் ஒன்றுவிட்ட தம்பியின் மகனுக்கு மூளை முடக்குவாதம். சில இலட்சம் ரூபாய் கேட்ட மருத்துவமனை ஒன்றிடம், "இது சோதனையா? ஆமெனில், கட்டணம் எதற்கு?" என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் வரவில்லை. நிலம் தப்பியது, பையனுக்கு இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது.

நாடுகளிடையே வேறுபாடு அறிவியலில் இல்லை. ஐயத்தின் சுமையை யார் தாங்குவது என்பதில்தான் உள்ளது. அன்பர்களே, வெளிநாட்டில் அனுமதியுண்டு என்று எவரேனும் சொன்னால், "எந்த நோய்க்கு? என்ன சான்றின்பேரில்?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது அவநம்பிக்கை அன்று. பிள்ளைக்குப் பெற்றோர் செய்யும் கடமை.