லேப்டாப்புக்கு வெளியே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை மகள் அனிமேஷன் படிக்கிறாள். பிளெண்டர் மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யப் போட்டால் அவளுடைய லேப்டாப் விடிய விடிய ஓடுகிறது. நகையை அடகு வைத்தாவது ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிவிடுவது என்று அவர்கள் வீட்டில் பேச்சு. "மாமா, இருக்கிற லேப்டாப்பிலேயே வெளியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு மாட்டலாம் என்கிறார்களே, உண்மையா?" என்று என்னிடம் கேட்டாள். உண்மைதான். ஆனால் எல்லா லேப்டாப்பிலும் முடியாது, எல்லா வேலைக்கும் உதவாது. என் பழைய மாணவர்கள் சிலரும் பிள்ளைகளுக்காக இதையே கேட்டிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

லேப்டாப்பில் பெரிய கார்டு வைக்க முடியாததற்கு முதல் காரணம் வெப்பம். டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் இரண்டு ஓடினாலும் அவ்வளவு வராது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத் தடிமனில் இருக்கும் பெட்டிக்குள் அது எங்கே போகும்? அதனால் கார்டைத் தனிப் பெட்டியில் வைத்து, அதற்குத் தனி மின்சாரமும் தனி விசிறியும் கொடுத்து, ஒரு கேபிளால் லேப்டாப்போடு இணைக்கிறார்கள்.

விஷயமே அந்தக் கேபிளில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையே வழக்கமாக 16 பாதைகள் உண்டு. தண்டர்போல்ட் 3, 4 வழியாகப் போனால் கிடைப்பது 4 பாதைகள். மாடியில் எவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினாலும் கீழே இறங்குவது அரை இஞ்சுக் குழாய் என்றால் குளியலறையில் என்ன வருமோ அதுதான் வரும். விலை உயர்ந்த கார்டாக வாங்கி இதில் மாட்டுவது வீண் செலவு. நடுத்தரக் கார்டு போதும்.

ஆனால் ரெண்டரிங் வேலைக்குக் குழாய் சிறியதாக இருப்பது பெரிய குறையில்லை. காட்சி முழுவதும் ஒரு தடவை கார்டின் நினைவகத்துக்குள் போய்விடும். பிறகு கணக்கெல்லாம் அங்கேயே நடக்கும், முடிந்த படம் மட்டும் திரும்பி வரும். 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் உள்ள மாடல் ஒன்று உண்டு. மாணவர்கள் செய்யும் காட்சிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கேம் விளையாடுவது வேறு கதை. அங்கே நொடிக்கு நொடி தகவல் போய்வந்துகொண்டே இருக்கும். அதிலும் படத்தை லேப்டாப் திரையிலேயே பார்த்தால் அந்தப் படமும் அதே குழாய் வழியாகத்தான் திரும்ப வேண்டும், வேகம் இன்னும் குறையும். தனி மானிட்டர் இருந்தால் அதை நேராக அந்தக் கார்டிலேயே செருகிவிடுங்கள்.

அடுத்தது துளை. டைப்-சி வடிவில் இருப்பதெல்லாம் தண்டர்போல்ட் அல்ல. பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல. கேபிளிலும் கவனம் வேண்டும். தண்டர்போல்ட் 3க்கான சாதாரண கேபிள் நீளமானதாக இருந்தால் வேகம் 40 கிகாபிட்டிலிருந்து 20க்கு இறங்கிவிடும். பெட்டியோடு வரும் குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. இன்டெல் பிராசஸர் உள்ள மேக்கில் 2018 முதல் ஆப்பிள் இதற்கு ஆதரவு கொடுத்தது, அதுவும் ஏஎம்டி கார்டுகளுக்கு மட்டும். 2020இல் எம்1 வந்தபோது அந்த ஆதரவு தொடரவில்லை.

விளம்பர வீடியோக்களில் யாரும் சொல்லாத ஒன்று நம் ஊர் மின்வெட்டு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், கார்டு அணைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுபோகும். அதனால் பெட்டிக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். வேலை நடக்கும்போது கேபிளைப் பிடுங்குவதும் கூடாது.

தங்கை மகளின் லேப்டாப்பில் தண்டர்போல்ட் 4 இருந்தது, பிராசஸரும் புதியது. பகலில் கல்லூரிக்கு லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போவாள், இரவில் வீட்டில் ரெண்டர் செய்வாள். இப்படிப்பட்டவர்களுக்கு இது பொருந்தும் என்று தைரியமாகச் சொன்னேன். புதுப் பெட்டி, பழைய 3060 கார்டு, யுபிஎஸ் மூன்றும் சேர்ந்து அவர்கள் பார்த்து வைத்திருந்த கேமிங் லேப்டாப்பின் விலையைத் தொடவில்லை. நகை பீரோவிலேயே இருக்கிறது.

ஆனால் லாரி ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டது இதைவிடக் கஷ்டமான கேள்வி. "அரசு கொடுத்த லேப்டாப்பில் மாட்ட முடியுமா சார்? பையன் ரொம்ப ஆசைப்படுகிறான்." அவர் வைத்திருப்பதில் தண்டர்போல்ட் இல்லை. அடிமூடியைக் கழற்றி, வைஃபை கார்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடாப்டர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கிடைப்பது ஒரே ஒரு பாதை. பிராசஸரும் பழையது, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிக்கென்று ஒதுக்கும் பணத்தில் அலுவலகங்கள் கழித்துப்போடும் டெஸ்க்டாப் ஒன்று வாங்கலாம். அதில் பவர் சப்ளை எத்தனை வாட் தாங்கும், கார்டு உள்ளே நுழைய இடம் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்க்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடைக்குப் போகிறேன். கையில் ஒரு இஞ்சு டேப் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.