நிறம் ஏறாத மூளை

1970களின் மழைக்காலம் ஒன்றில், குன்னூருக்கு அருகே நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் வீட்டிலும் உண்டு திரிந்த நாயொன்று தம்பியின் கணுக்காலைக் கடித்தது. மறுநாள் அது செத்துப்போயிற்று. முந்திய வாரம் வரை நாங்கள் மூவருமே அதன் எச்சிலில் கை நனைத்தவர்கள். பனிக்கட்டி நிரப்பிய தகரப் பெட்டியில் தலை மட்டும் ஆய்வுக்குப் போனது.

அங்கே என்ன செய்வார்கள் என்பதை வெகுகாலம் கழித்தே படித்தறிந்தோம். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைச் சிறிது வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் செல்லர்ஸ் சாயத்தில் சில நொடிகள் அமிழ்த்துவார்கள். மெத்திலீன் நீலமும் ஃபுக்சினும் மெத்தனாலில் கலந்த சாயம் அது. இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் துணிக்கு நிறமேற்ற வந்தவை. ஃபுக்சினின் நிறம், நீலகிரி வீட்டு வாசல்களில் ஜிமிக்கி போலத் தொங்கும் ஃபுக்சியாப் பூவின் நிறமேதான். சாயத்தில் நரம்புச் செல் நீலமாகும். வெறிநோய் இருந்தால் அதனுள்ளே செந்நிற உருண்டைகள் தெரியும். அவற்றுக்குள்ளும் கருநீலப் புள்ளிகள். 1903இல் இவற்றைக் கண்டு சொன்ன இத்தாலியர் அடெல்கி நெக்ரி, ஒட்டுண்ணி என்றே நம்பினார். உண்மையில் அவை வைரஸ் பெருகும் இடங்கள். ஆயினும் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது 1907இல். அதற்கு முன் கடிபட்ட தென்னாட்டார் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்கு ரயிலேறினார்கள். எத்தனை பேர் உரிய நாளுக்குள் போய்ச் சேர்ந்தார்களோ!

எங்கள் நாயைப் பற்றி வந்த தாளில் நெக்ரித் துகள்கள் காணப்படவில்லை என்றிருந்தது. அப்பா அதை மும்முறை படித்துவிட்டு, ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கேட்டதில் நியாயமிருந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து அபூர்வமாகச் சிலரை முடக்கிப் போட்டதும் உண்டு. (2004இல்தான் இந்தியா அதைக் கைவிட்டது.)

"கணக்குப்பிள்ளை, காணவில்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? நோய் இல்லை என்று எழுதவில்லையே!" என்றார் தோட்டத்து டாக்டர்.

அவர் சொன்னது சரி. வெறிபிடித்துச் செத்த நாய்களிலும் ஒரு பங்கின் மூளையில் அத்துகள்கள் தென்படுவதில்லை. ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸையே காட்டும் சோதனை 1958இல் வந்துவிட்டது. எங்கள் தகரப் பெட்டிக்கு அது வாய்க்கவில்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள், மூவருக்கும். அம்மா எங்களை நடக்கவிட்டு தினமும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்த நாய்க்கு வெறி இருந்ததா என்பது இன்றும் தெரியாது.